கருமருந்தும் கசடும்: .45-70 ஒற்றைவெடி ரைபிளுக்குத் தோட்டா கட்டுதல்

.45-70 என்ற பெயரில் வரும் .45 குழலின் விட்டம், அங்குலத்தில்; 70, கருமருந்தின், அதாவது பழங்காலக் கறுப்பு வெடிமருந்தின் எடை, கிரெயின் கணக்கில். 1873இல் அமெரிக்க ராணுவம் ஸ்பிரிங்ஃபீல்டு ‘ட்ராப்டோர்’ ரைபிளோடு எடுத்துக்கொண்ட தோட்டா இது. அப்போது குண்டு 405 கிரெயின், பிறகு 500 கிரெயின் குண்டும் வந்தது. தோட்டா கட்டப் புதிதாக வருகிறவர்கள் முதலில் இடறுவது இந்த 70இல்தான். பெயரிலேயே இருக்கிறதே, அதைத் திணித்துத்தான் ஆக வேண்டும் என்று நிற்பார்கள். அந்தக் காலத்துத் தோட்டாக் கூட்டின் அடிப்பாகம் உள்ளே குடைந்து மெல்லியதாக இருந்தது, அதனால் 70 தாராளமாகக் கொண்டது. இன்றைய பித்தளைக் கூட்டின் அடி கனமானது, கொள்ளளவு குறைவு. கனக் குண்டை அமர்த்திய பிறகு 63 முதல் 67 கிரெயின் வரைதான் சரளமாகப் பிடிக்கும். 65 கிரெயின் என்றால் 4.2 கிராம். இந்த ரைபிளைக் குறி தவறாமல் சுட வைக்க இது போதும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம். கருமருந்தில் நல்ல குறி வருவது மருந்தின் எடையால் அல்ல, குழலில் மிஞ்சும் கசடால். புகையில்லா மருந்து எரிந்தால் ஏறக்குறைய முழுவதும் வாயுவாகும். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே தங்கும், பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட்டும் சல்பேட்டும். அடுத்த குண்டு அந்தக் கசடின் மேல்தான் ஓடியாக வேண்டும். முதல் வெடிக்கும் பத்தாவது வெடிக்கும் குழலின் உட்புறம் ஒரே மாதிரி இருந்தால் குண்டுகள் ஓரிடத்தில் விழும். மருந்து, மசகு, வில்லை (மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வைக்கும் வட்டத் தட்டு), பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) என்று எதை மாற்றினாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கசடு மெத்தென்று இருக்கிறதா, மாறாமல் இருக்கிறதா?

கீழே வருவது ஷார்ப்ஸ் 1874, ரெமிங்டன் ரோலிங் பிளாக், வின்செஸ்டர் 1885 ஹைவால் வகை ரைபிள்களுக்கு. மொன்டானாவின் பிக் டிம்பரிலும் இத்தாலியிலும் இவற்றின் புது வார்ப்புகள் இன்றும் தயாராகின்றன. நியூ மெக்சிகோவில் ராட்டன் ஊரை ஒட்டிய விட்டிங்டன் சென்டரில் நடக்கும் இரும்புப் பொம்மைப் போட்டிக்கு வருகிற ரைபிள்களில் பெரும்பாலானவை இந்தச் சாதிதான். கோழி 200 மீட்டர், பன்றி 300, வான்கோழி 385, செம்மறிக்கடா 500 மீட்டர். கோழியை நின்றுகொண்டு கைத்தாங்கலில் சுட வேண்டும், மற்ற மூன்றுக்கும் குழலைத் தாங்கும் குறுக்குக் கோல் வைத்துக்கொள்ளலாம். கடாவைச் சுட்டுவிட்டு நிதானமாக மூன்று எண்ணினால் ‘டங்’ என்ற ஓசை திரும்பி வரும். குண்டு போக ஒன்றரை நொடிக்குச் சற்று மேல், ஓசை திரும்ப ஒன்றரை நொடி.

மருந்தைத் தொடுமுன்

கடையில் வாங்கிய, பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட கருமருந்து மட்டுமே. அந்தப் பெயருக்கும் பருமனுக்கும் அச்சில் வந்த அளவுக் கையேடு மேசையில் திறந்திருக்க வேண்டும். புகையில்லா மருந்து அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. கருமருந்தின் அளவைப் பார்த்துப் புகையில்லா மருந்தைப் போட்டால் ரைபிள் சிதறும். பீடி, சிகரெட், விளக்குச் சுடர், தீப்பொறி தெறிக்கும் கருவி எதுவும் அருகில் வேண்டாம். மருந்துத் தொட்டி கருமருந்துக்கென்றே செய்ததாக இருக்கட்டும். டப்பாவிலிருந்து அன்றைய தேவைக்கு மட்டும் எடுத்து, உடனே மூடி, தள்ளி வையுங்கள். துப்பாக்கிக்கும் மருந்துக்கும் அந்தந்த நாட்டு உரிமச் சட்டம் உண்டு, அதற்கு உட்பட்டே இதெல்லாம். பழைய அசல் ரைபிள் என்றால், அதில் பழக்கமுள்ள துப்பாக்கி மெக்கானிக் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே தோட்டா போடலாம்.

கடைசி எச்சரிக்கை கருமருந்துக்கே உரியது. மருந்துக்கும் குண்டுக்கும் இடையே காற்று இடைவெளி இருக்கக் கூடாது. கூட்டில் மருந்து குறைந்து குண்டின் அடி அந்தரத்தில் நின்றால், வெடிக்கும்போது அந்த இடத்தில் அழுத்தம் குவிந்து சேம்பரிலோ (தோட்டா அமரும் அறை) குழலிலோ வளையம்போல் வீங்கிவிடும். ஒருமுறை வளையம் விழுந்த குழல் பிறகு திருந்தாது. மருந்தைக் குறைக்க விரும்பினால் மிஞ்சும் இடத்தை வில்லைகளால் நிரப்புங்கள்.

குழல், குண்டு, ஈயம்

முதலில் குழலை அளக்க வேண்டும். சுத்தமான குழலில் எண்ணெய் தடவி, கலப்பற்ற ஈயத் துண்டு ஒன்றை மெதுவாகத் தள்ளி வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் பாருங்கள். குண்டைச் சுழற்றக் குழலுக்குள் சுருளாக வெட்டியிருப்பது வரிப்பள்ளம், அவற்றின் நடுவே நிற்பது வரிமேடு. .45 குழலில் வரிமேட்டுக்கு மேடு .450 அங்குலமும், பள்ளத்துக்குப் பள்ளம் .458 அங்குலமும் வழக்கம். பள்ளத்தைவிடக் குண்டு ஒரு தௌ கூடுதலாக, அதாவது .459 இருந்தால் தொடங்கலாம். (தௌ என்று இங்கே வருவதெல்லாம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) வரிப்பள்ளம் 18 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றினால் 500 கிரெயினுக்கு மேற்பட்ட நீளக் குண்டு நிலையாகப் பறக்கும். பழைய ட்ராப்டோரில் 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதற்கு 405 முதல் 500 கிரெயின் வரைதான் பொருத்தம்.

தூரப் போட்டிக்குப் பெரும்பாலோர் எடுப்பது லைமன் 457132 அச்சில் வரும் 535 கிரெயின் போஸ்டெல் குண்டு. ஈயத்தோடு தகரம் கலந்த கலவை, 20க்கு 1: பத்து கிலோ ஈயத்துக்கு அரைக் கிலோ தகரம். தகரம் ஏறினால் உலோகம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் பாயும், குண்டும் சற்றுக் கடினப்படும். கலப்பற்ற ஈயத்தில் வார்த்த நீளக் குண்டு, மருந்தின் உந்துதலில் மூக்குப் பக்கம் குழைந்து ஒருபுறம் சாய்ந்துவிடும். அந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது, தாளில் தெரியும். 16க்கு 1 அதைத் தடுக்கும். ஆனால் மிகக் கடினமானால் குண்டின் அடி விரிந்து பள்ளத்தை அடைக்காது, வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை உருக்கிக் குழலில் அப்பிவிடும். டயர் சமன் செய்யும் ஈயக் கட்டியை எடுத்து வார்ப்பவர்களுக்குக் குழலில் ஈயம் படிவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். அதில் ஆன்டிமனி கலந்திருக்கும்.

உலை 400 டிகிரி செல்சியஸ் அளவில் சீராக நிற்க வேண்டும். அச்சு சூடேறும்வரை முதல் பத்துப் பதினைந்து குண்டுகள் வீணாகத்தான் போகும், மறுபடி உலையிலேயே போடுங்கள். சுருக்கம் விழுந்த குண்டு அச்சு குளிர்ந்ததைக் காட்டும். மேனி முழுதும் பனி பூத்த மாதிரி மங்கினால் சூடு அதிகம், வார்க்கும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். மேலே தகரம் சாம்பலாகப் பிரிந்து மிதக்கும். அதை வழித்து எறிந்தால் தகரமே போய்விடும், பட்டாணி அளவு தேன்மெழுகைப் போட்டுக் கலக்குங்கள், தகரம் திரும்பக் கரையும். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் உலை பொங்கித் தெறிக்கும். வியர்வைகூட ஆகாது. காற்றோட்டம், கண்ணாடி, முழங்கை வரை தோலுறை, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவல், இவற்றில் சலுகை இல்லை.

எடை பார்த்துப் பிரிக்கும்போது 535 கிரெயின் குண்டில் ஒரு கிரெயின் ஏற்ற இறக்கம் போதும். எடையைவிட முக்கியம் அடிப்பாகம். அடி விளிம்பில் நகக்கண் அளவு மழுங்கல் இருந்தாலும் ஒதுக்குங்கள். மூக்கில் கீறல் இருந்தால் பரவாயில்லை, பெரும்பாலும் குறியைக் கெடுக்காது. குழல்வாயை விட்டு வெளியேறும் கணத்தில் வாயு கடைசியாகத் தள்ளுவது அடியைத்தான்.

மசகு

பெட்ரோலிய எண்ணெய், கிரீஸ், வாசலின் எதுவும் கருமருந்தோடு ஆகாது. கசடோடு சேர்ந்து தார்போல் இறுகும். தேன்மெழுகும் தாவர அல்லது விலங்குக் கொழுப்பும்தான் மசகு. எளிய கலவை எடைக் கணக்கில்: தேன்மெழுகு 50, வனஸ்பதி 40, தாவர எண்ணெய் 10. நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். கோடையில் மெழுகைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், இல்லையென்றால் வெயிலில் கிடக்கும் தோட்டாவில் மசகு இளகி மருந்தில் இறங்கும்.

மசகு போதுகிறதா என்பதைக் குழல்வாய் சொல்லும். ஐந்தாறு வெடி கழித்து வாயைப் பாருங்கள். வரிப்பள்ளங்களின் முனைகளில் ஈரப்பசையோடு நட்சத்திரம்போல் ஒரு கோலம் படிந்திருந்தால், மசகு குழலின் கடைசிவரை வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வாய் வறண்டு சாம்பல் பூத்திருந்தால் வழியிலேயே தீர்ந்துவிட்டது. அப்போது கடைசி ஐந்தாறு அங்குலத்தில் கசடு ஓடுபோல் இறுகியிருக்கும். துடைக்கும் துணி அந்த இடத்தில் கரகரவென்று தடுக்குவது கோல் பிடித்த கைக்கே தெரியும். 34 அங்குலக் குழலுக்கு ஆழமான பள்ளங்கள் நிறைய உள்ள குண்டு வேண்டும் என்பது இதனால்தான்.

கூடும் பிரைமரும்

கூட்டைக் கடைசிவரை இறுக்கும் டையில் போட்டுச் சிறுக்காதீர்கள். உங்கள் சேம்பரில் வெடித்து விரிந்த கூடு அந்தச் சேம்பருக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை. வாயை மட்டும் லேசாகப் பிடிக்கச் செய்தால் போதும். குண்டை விரலால் தள்ளினால் உள்ளே போகவேண்டும், தலைகீழாகக் கவிழ்த்தால் விழக்கூடாது. கிரிம்ப், அதாவது கூட்டின் வாயைக் குண்டின் மேல் மடித்து இறுக்குவது, வேண்டாம்.

எல்லாக் கூடும் ஒரே நீளத்தில் இருக்கட்டும், அந்த நீளமும் சேம்பரின் நீளத்துக்கு முடிந்தவரை பக்கத்தில் இருக்கட்டும். கூடு குட்டையானால் அதன் வாய்க்கும் வரிப்பள்ளத் தொடக்கத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் விழும், விரியும் குண்டு அதில் ஈயத்தை வழித்துவிட்டுப் போகும். நாலைந்து தடவை சுட்டபின் கூட்டின் வாயைச் சுட்டுப் பதம் இளக்க வேண்டும். கருமருந்தின் அழுத்தம் குறைவு, கெட்டித்துப்போன பித்தளையை அதனால் விரிக்க முடியாது. கூட்டின் வெளிப்புறத்தில் நெடுகக் கரி படிந்து வந்தால் அதுதான் காரணம். இளக்கும்போது அடிப்பாகம் சூடேறவே கூடாது. தண்ணீர்த் தட்டில் நிறுத்தி வாயை மட்டும் சுடரில் காட்டுபவர்கள் உண்டு, எந்திரத்தில் செய்பவர்களும் உண்டு.

பிரைமர் விஷயத்தில் வலுவான தீ நல்லது என்று தோன்றும். கருமருந்து எளிதில் பற்றும், அதற்கு முரட்டுத் தீ தேவையில்லை. மேக்னம் ரைபிள் பிரைமர், சாதாரண ரைபிள் பிரைமர், பிஸ்டல் பிரைமர் மூன்றிலும் ஐந்தைந்து கட்டிப் பாருங்கள். சில ரைபிள்களில் வேகம் மாறாமல் மேல்கீழ்ச் சிதறல் மட்டும் பாதியாகும். பிஸ்டல் பிரைமர் உயரத்தில் குட்டை, ஆழமாக உட்காரும். ஊசி எட்டாமல் போனால் சில சமயம் வெடிக்காது, அந்த ரைபிளுக்கு அது ஒத்துவராது என்று விட்டுவிடுங்கள். தீயை மட்டுப்படுத்த மெல்லிய செய்தித்தாள் வட்டத்தைக் கூட்டுக்குள் தீத்துளையின் மேல் வைப்பது பழைய உத்தி. இன்றும் அது பலிக்கிறது.

மருந்து: கொட்டுவது, கெட்டிப்பது

.45-70க்கு நடுத்தரப் பருமன் வேண்டும். ஸ்விஸ் மருந்தில் ஒன்றரை எஃப், கோயெக்ஸில் இரண்டு எஃப், ஓல்ட் ஐன்ஸ்ஃபோர்டில் ஒன்றரை அல்லது இரண்டு எஃப். எஃப் கூடக்கூடப் பருக்கை பொடியாகும், எரியும் வேகமும் அழுத்தமும் கூடும். ஒரே பெயரில் வந்தாலும் தொகுதிக்குத் தொகுதி வேகம் மாறும். கோயெக்ஸ் ஆலை 2021இல் நின்று, 2022இல் கைமாறியது. பழைய டப்பாவில் கண்ட அளவைப் புது டப்பாவுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாமல் மறுபடி சோதியுங்கள்.

மருந்தை முகந்து அப்படியே கூட்டில் கொட்டினால் பருக்கைகள் தாறுமாறாக நிற்கும். 24 முதல் 30 அங்குல நீளப் பித்தளைக் குழாய் வழியாக மெல்லிய தாரையாக விட வேண்டும், ஒரு கூட்டுக்குப் பத்துப் பதினைந்து நொடி. குழாயில் மழைத்தூறல் போலச் சரசரவென்று ஓசை வந்தால் வேகம் சரி. ‘புஸ்’ஸென்று ஒரே மூச்சில் இறங்கினால் மறுபடி கொட்டுங்கள். ஒழுங்காக விட்டால் கூட்டில் மருந்தின் மட்டம் ஒன்று முதல் இரண்டு நூல் வரை தாழும். எடையை 0.1 கிரெயின் வரை தராசில் பாருங்கள்.

அடுத்தது கெட்டிப்பது, அதாவது மருந்தை அமுக்கி இறுக்குவது. இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பிரைமரும் மருந்தும் இல்லாத வெற்றுக் கூட்டில் குண்டை நுனியில் மட்டும் செருகிச் சேம்பரில் மெதுவாகத் தள்ளி, பிளாக்கை (சேம்பரின் பின்புறத்தை அடைக்கும் கட்டை) மூடுங்கள். வரிமேடு குண்டைப் பின்னுக்குத் தள்ளி, அது நிற்கவேண்டிய இடத்தில் நிறுத்தும். எடுத்து மொத்த நீளத்தை அளங்கள். மூன்று முறை செய்து ஒரே அளவு வருகிறதா என்று பாருங்கள். ஓர் உதாரணம்:

கூட்டின் நீளம் 2.10 அங்குலம், குண்டின் நீளம் 1.40, தோட்டாவின் மொத்த நீளம் 2.90. அப்படியானால் குண்டு கூட்டுக்குள் இருப்பது 2.10 + 1.40 − 2.90 = 0.60 அங்குலம். வில்லையின் தடிமன் 0.06. ஆகவே மருந்தின் மேல்மட்டம் கூட்டின் வாயிலிருந்து 0.66 அங்குலம் கீழே நிற்க வேண்டும். குழாயில் விட்டபின் மட்டம் 0.60இல் நின்றால், கெட்டிக்க வேண்டியது 0.06, அதாவது 60 தௌ. மட்டம் 0.70இல் நின்றால் 40 தௌ காற்று இடைவெளி. அப்படிச் சுடக் கூடாது, மருந்தையோ வில்லையையோ கூட்டியாக வேண்டும்.

எவ்வளவு கெட்டிப்பது என்பதில் மருந்துகள் ஒன்றுபோல் இல்லை. ஸ்விஸ் மருந்துக்கு 30 முதல் 80 தௌ போதும். அதிகம் அமுக்கினால் பருக்கை நொறுங்கிப் பொடியாகி வேகம் தத்தளிக்கும். கோயெக்ஸ் நேர்மாறு, 150 முதல் 250 தௌ வரை கெட்டித்தால்தான் சுத்தமாக எரியும். ஸ்விஸ்ஸில் பழகிய கையோடு கோயெக்ஸுக்குப் போய், லேசாகக் கெட்டித்துச் சுட்டுவிட்டு, ‘இந்த மருந்து ஒரே அழுக்கு’ என்பார்கள். மருந்தில் குற்றமில்லை, சரியாக எரிய அது கேட்கும் இறுக்கம் கிடைக்கவில்லை.

கெட்டிப்பதைக் குண்டால் செய்யாதீர்கள். இளக்கமான ஈயம் அடியில் பிதுங்கி, கூடு சேம்பருக்குள் போகாது. அதற்கென்று உள்ள டையில், வில்லையின் மேல் தட்டையான தண்டு இறங்கி அமுக்க வேண்டும். தண்டை ஒரே ஆழத்தில் பூட்டிவைத்தால் எல்லாத் தோட்டாவுக்கும் ஒரே மட்டம் கிடைக்கும். நெம்புகோலை மெதுவாக இறக்குங்கள், முண்டினால் நிறுத்திக் காரணம் தேடுங்கள். பிரைமர் போட்ட கூடு அது, நினைவிருக்கட்டும்.

வில்லை 30 அல்லது 60 தௌ தடிமனில் நார் அட்டையிலோ பாலிஎத்திலீனிலோ கிடைக்கும். அதன் வேலை குண்டின் அடியைத் தீயிலிருந்து காப்பது. மசகு மருந்தில் ஊறாமலும் அது தடுக்கும். கூட்டின் உட்புறச் சுவரை ஒட்டி அமரும் விட்டத்தில் வெட்டியிருக்க வேண்டும். விளிம்பு கிழிந்த வில்லையைப் போடாதீர்கள். அதற்குமேல் வில்லையில் ரகசியம் எதுவும் இல்லை. பலர் இதில் மாதக்கணக்கில் நேரம் செலவழிக்கிறார்கள், அதில் பாதியைக் குண்டு வார்ப்பில் போட்டால் குறி கூடும்.

சுட்டுப் பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தொடக்க மருந்தளவை மேலே சொன்ன கணக்கில், கையேட்டு வரம்புக்குள் எடுத்து, ஒவ்வொரு கிரெயினாக ஏற்றி நான்கு அளவு. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு தோட்டா. நூறு கஜத்தில் நல்லதாகத் தோன்றுவது ஏமாற்றும், இருநூறில் உறுதி செய்யுங்கள். முதல் இரண்டு வெடி கசடு ஏற்றுவதற்கு, அவற்றைத் தாளில் எண்ணாதீர்கள். பிறகு ஐந்து, மறுபடி ஐந்து. மூன்று வெடிக் கொத்தைப் படமெடுத்து மகிழ்வதில் பயனில்லை. பத்தும் ஒரே கொத்தில் நின்றால்தான் அது உங்கள் தோட்டா.

குறுக்குக் கோலில் குழல் ஒவ்வொரு முறையும் ஒரே புள்ளியில் உட்கார வேண்டும். இரண்டு அங்குலம் முன்பின் ஆனால் தாளில் மேல்கீழ் மாறும். சாக்பீஸால் குழலில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வேகமானியைப் பதினைந்து அடி தள்ளி வையுங்கள், புகையும் பறக்கும் வில்லையும் அதை ஏமாற்றும். 535 கிரெயின் குண்டுக்கு நொடிக்கு 1150 முதல் 1200 அடி வேகம் வழக்கம். அதைக் கூட்ட முயல்வது வீண். பத்து வெடியில் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் வித்தியாசம் 15 அடிக்குள் வந்தால் 500 மீட்டர் கடாவுக்குப் போதும். 30ஐத் தாண்டினால் மேல்கீழ்ச் சிதறலில் கடாவின் காலுக்குக் கீழ் ஒன்று, முதுகுக்கு மேல் ஒன்று போகும்.

பின்புறம் நிற்கும் வெர்னியர் சைட்டில் (நுண்ணளவு குறித்த, ஏற்றி இறக்கும் குறிநோக்கி) எவ்வளவு ஏற்றினோம் என்பதையும் குறித்துவையுங்கள். சைட்டுகளுக்கு இடையே 34.4 அங்குலம் இருந்தால் 10 தௌ ஏற்றம் ஒரு கோண நிமிடம், நூறு கஜத்தில் ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல். முன் சைட்டில் ரசமட்டம் கட்டாயம். தூரத்துக்குச் சைட் உயர்ந்திருக்கும்போது ரைபிள் இம்மி சாய்ந்தாலும் குண்டு பக்கவாட்டில் ஓடும், அதைக் காற்றின் மேல் பழி போட்டுவிடுவோம்.

இலக்கு எண்ணையும் பாருங்கள். 1874 செப்டம்பரில் நியூயார்க்கின் கிரீட்மூர் மைதானத்தில் அயர்லாந்து அணி முன்வாய் நிரப்பும் ரிக்பி ரைபிள்களோடும், அமெரிக்கர்கள் பின்வாய் நிரப்பும் ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரைபிள்களோடும் மோதினார்கள். முடிவு 934க்கு 931, வெற்றி அமெரிக்கர்களுக்கு. அயர்லாந்துக்காரர் ஒருவர் மையத்திலேயே அடித்தார், ஆனால் பக்கத்து இலக்கின் மையத்தில். அந்தப் புள்ளிகள் கணக்கில் வரவில்லை.

ஊதாங்குழலா, துணியா

இரண்டு வெடிக்கு நடுவே கசடை ஒரே நிலையில் வைக்க இரண்டு வழி. முதலாவது ஊதுவது. வெற்றுக் கூட்டின் அடியைத் துளைத்து ஒரு ரப்பர்க் குழாய் செருகினால் ஊதாங்குழல் தயார். குழல் காலி என்று கண்ணால் உறுதிசெய்து, பின்வாய்ப் பக்கத்தில் வைத்து மெதுவாக, நீளமாக ஊதுங்கள். தேவைப்படுவது காற்று அல்ல, மூச்சிலுள்ள ஈரம். ஈரப்பதமான ஊரில் மூன்று மூச்சு போதும், வறண்ட மேட்டு நிலத்தில் எட்டுகூடத் தேவைப்படும். எண்ணிக்கை எதுவானாலும் நாள் முழுதும் மாற்றாதீர்கள். வெயில் ஏறியதும் மட்டும் ஒன்றிரண்டு கூட்டலாம். அடுத்த தோட்டா விரல் அழுத்தத்தில் சேம்பருக்குள் போக வேண்டும். கட்டைவிரலால் முட்டித் தள்ள வேண்டியிருந்தால் ஈரம் போதவில்லை.

இரண்டாவது துடைப்பது. பாலிஸ்டால் (தண்ணீரில் கலக்கும் ஒரு துப்பாக்கி எண்ணெய்) ஒரு பங்கு, தண்ணீர் ஏழு பங்கு கலந்து துணியை நனைத்துப் பிழிந்து ஒருமுறை, பிறகு உலர்துணி ஒருமுறை. ஆயிரம் கஜத்துக்குச் சுடுபவர்கள் பெரும்பாலும் இதையே விரும்புகிறார்கள், நேரம் பிடித்தாலும் குழல் ஒவ்வொரு முறையும் முதல் நிலைக்குத் திரும்புகிறது. சேம்பரில் ஈரம் தங்கக் கூடாது. ஈரச் சேம்பரில் கூடு சுவரைப் பிடிக்காமல் பின்னால் பிளாக்கின் மேல் முழு விசையோடு மோதும்.

குண்டைச் சுற்றிக் காகிதம் கட்டிச் சுடும் வழியும் உண்டு. .443 அளவுக் குண்டுக்கு மெல்லிய வெங்காயச் சருகுத் தாள் இரண்டு சுற்று, கடைசி அளவு .450. அதில் ஒவ்வொரு வெடிக்கும் துடைத்தே ஆக வேண்டும், தாள் கசடில் கிழிந்தால் எல்லாம் போயிற்று. மசகுக் குண்டில் கை பழகாமல் அதில் இறங்க வேண்டாம்.

தாள் காட்டும் குற்றங்கள்

முதல் ஐந்து நெருக்கமாக விழுந்து, பிறகு கொத்து அகன்றால் கசடு ஏறுகிறது. மருந்தைத் தொடாதீர்கள், மூச்சைக் கூட்டுங்கள், மசகைப் பாருங்கள். கொத்து மேல்கீழாக நீண்டால் வேகம் தத்தளிக்கிறது: கெட்டித்த ஆழம், பிரைமர், கூட்டின் வாய்ப் பிடிப்பு என்ற வரிசையில் தேடுங்கள். பக்கவாட்டில் நீண்டால் காற்று அல்லது ரைபிள் சாய்வு. ஒன்பது நன்றாக விழுந்து ஒன்று மட்டும் தனியே ஓடினால் குண்டின் அடியைச் சந்தேகியுங்கள். தாளில் ஓட்டை வட்டமாக இல்லாமல் சாவித்துளைபோல் நீண்டால் குண்டு தடுமாறிப் பறக்கிறது, மூக்குக் குழைந்திருக்கலாம் அல்லது வரிச் சுற்றுக்குக் குண்டு நீளம். கலவையில் தகரத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்து, பலிக்காவிட்டால் குட்டையான குண்டுக்கு மாறுங்கள்.

குண்டு வரிமேட்டை லேசாகத் தொட்டு நிற்பது பொதுவாக நல்லது. ஆனால் சுடாத தோட்டாவைத் திரும்ப எடுக்கும்போது குண்டு குழலிலேயே மாட்டிக்கொண்டு மருந்து முழுதும் பிளாக்கில் கொட்டினால் தொடுகை அதிகமாகிவிட்டது. ஐந்து தௌ பின்னுக்கு வையுங்கள், ஆனால் மருந்தின் மட்டத்தையும் அதற்கேற்ப மாற்றிய பிறகே.

பெட்டிக்குப் பெட்டி ஒட்டும் சீட்டில் மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும், எடை, கெட்டித்த அளவு, வில்லை, பிரைமர், குண்டின் கலவையும் எடையும், கூடு எத்தனையாவது முறை, மொத்த நீளம், அன்றைய ஈரப்பதம், ஊதிய மூச்சு எண்ணிக்கை. கடைசி இரண்டையும் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம், ஆறு மாதம் கழித்துத் தேடுவதும் அவற்றைத்தான்.

கழுவுவது அன்றைக்கே. கசடு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். சுட்ட கூட்டிலிருந்து மைதானத்திலேயே பிரைமரைத் தட்டிவிட்டு, சோப்புத் தண்ணீர்ப் பாட்டிலில் போட்டுவிடுங்கள். குழலுக்கும் தண்ணீரே மருந்து: நனைந்த துணி கறுப்பு போய்ச் சாம்பலாகி, வெள்ளையாக வரும்வரை, பிறகு உலர்துணி, பிறகு எண்ணெய். மறுநாள் காலை ஒரு வெள்ளைத் துணியை விட்டுப் பாருங்கள். பழுப்பாக வந்தால் நேற்று எங்கோ மிச்சம் வைத்திருக்கிறீர்கள், பெரும்பாலும் சேம்பருக்கு முன்னாலுள்ள ஓர் அங்குலத்தில். அங்கே மறுபடி தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.